குறைந்த புள்ளியும் உயர்கல்வி வாயிலும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளிலும், யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும் உள்ள தோட்டங்களிலே தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றோர் இன்று உளர். அவருள் சிலர் வியாபார நிர்வாக முதுமாணிப் பட்டத்தையும் பெற விரும்புகின்றனர். ஆயினும், தம் பெறுபேற்றுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்ததும் அவர்களுடைய ஊக்கம் தளர்ந்துவிடுகின்றது. அதிலே முதல் வகுப்பும் இல்லை. இரண்டாம் வகுப்பும் இல்லை. சாதாரண சித்தி என்று மாத்திரம் இருக்கின்றது. இத்தகையோருக்கு முகாமைத்துவக் கல்லூரிகளின் வாயில் அடைபட்டதுதானா என்பது ஆராயத்தக்கது.

முதலில், அந்தப் புள்ளி எதைக் கூறுகின்றது என்பதை அறிதல் வேண்டும். நமது நாட்டின் பல்கலைக்கழகங்களில் தரப்புள்ளிச் சராசரி 4.00 என்னும் உச்ச அளவைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. பொதுவாக 3.70 அல்லது அதற்கு மேற்பட்டது முதல் வகுப்பு, 3.30 முதல் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, ஏறத்தாழ 3.00 முதல் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு. அதற்குக் கீழே 2.00 வரை சாதாரண சித்தி. ஓர் இளைஞன் முதலாம் ஆண்டில் 2.20, இரண்டாம் ஆண்டில் 2.40, மூன்றாம் ஆண்டில் 3.00, நான்காம் ஆண்டில் 3.40 என்று பெற்றதாகக் கொள்வோம். ஆண்டுதோறும் பாடங்களின் நிறை சமமாயின் அவனது சராசரி 2.75 ஆகும். பட்டச் சான்றிதழ் அவனைச் சாதாரண சித்தி என்றே கூறும். ஆனால் இறுதி ஆண்டிலே அவன் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு மாணவனுக்குரிய தரத்தில் நின்றான் என்பதைப் பெறுபேற்றுப் பத்திரம் ஆண்டு ஆண்டாகக் காட்டிவிடும். சராசரி என்பது தொடக்கத்தையும் முடிவையும் ஒன்றாகக் கலந்து தரும் ஓர் எண். ஒருவன் வளர்ந்த வரலாற்றை அது சொல்வதில்லை.

தோட்டப் பிள்ளைகளுக்குத் தொடக்கம் தாழ்வதற்குக் காரணம் உண்டு. க.பொ.த. உயர்தரம் வரை தமிழிலே கற்றவர்கள், முகாமைத்துவ பீடத்தில் ஆங்கிலத்திலே விரிவுரை கேட்க நேர்கின்றது. கணக்கியல் தெரிந்திருந்தும் வினா விளங்காமையாலே புள்ளி இழப்போர் பலர். மேலும், பல்கலைக்கழக அனுமதியின்போது அரசு ஒரு சமன்பாட்டைச் செய்கின்றது. 2001 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இஸட் புள்ளி முறையுடன் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்து, வசதி குன்றிய மாவட்டத்து மாணவருக்கு இடமளிக்கின்றது. இரத்தினபுரி மாவட்டம் அவ்வாறு பின்தங்கியதாகக் கருதப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. ஆனால் முதுமாணிக் கல்விக்கு மாவட்ட ஒதுக்கீடு என்று ஒன்று இல்லை. எந்தப் பாடசாலையில் விஞ்ஞானகூடம் இல்லை, எந்தத் தோட்டத்தில் ஆங்கில ஆசிரியர் இல்லை என்பதை அங்கே எவரும் தாமாக விசாரிப்பதில்லை. ஆகவே அதனை எடுத்துரைக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாருகின்றது.

இனி, தெரிவுக்குழுவினர் ஒரு விண்ணப்பத்தை எவ்வாறு வாசிக்கின்றனர் என்பதை நோக்குவோம். அவர்கள் மூன்று வினாக்களுக்கு விடை தேடுகின்றனர். இவர் இக்கல்வியின் பளுவைத் தாங்குவாரா? இவர் இதுவரை தொழிலில் என்ன சாதித்திருக்கின்றார்? இக்கல்வி இவருக்கு எதற்காக வேண்டும்? குறைந்த புள்ளி இவற்றுள் முதல் வினாவையே ஐயத்துக்கு உள்ளாக்குகின்றது. மற்ற இரண்டும் அதனாலே கெடுவதில்லை. ஆதலால், முதல் வினாவுக்குப் புதிய சான்று தேடுவதே அறிவுடைமை. பழைய புள்ளியை எவராலும் மாற்ற இயலாது. அதன் பக்கத்திலே புதிய புள்ளியொன்றை வைக்க இயலும்.

அப்புதிய சான்றுகளுள் முதலாவது நுழைவுத் தேர்வு. உள்ளூர் நிறுவனங்கள் பல, பட்டத்தையும் தொழில் அனுபவத்தையும் கேட்பதோடு, தகுதித் தேர்வும் நேர்முகப் பரீட்சையும் நடத்துகின்றன. வெளிநாட்டுக் கல்லூரிகள் பல ஜீமாட் என்னும் பரீட்சையைக் கருத்திற் கொள்கின்றன. 1954 ஆம் ஆண்டிலே முதன்முதலாக நடத்தப்பட்ட இப்பரீட்சை, 2023 இன் இறுதியில் புதிய வடிவம் பெற்றது. அதில் கணிதம், மொழி, தரவு நுண்ணறிவு என மூன்று பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். புள்ளி 205 முதல் 805 வரை அமையும். ஐந்தாண்டு காலம் செல்லுபடியாகும். நான்கு ஆண்டுப் பட்டத்தில் பின்தங்கியவர் இத்தேர்வில் உயர்ந்த புள்ளி பெறுவாராயின், அவரது ஆற்றலைப் பற்றிய ஐயம் பெரிதும் நீங்கும். ஆயினும் இதற்கான கட்டணம் கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் ஒரு மாத வருமானத்தைவிட அதிகம். ஆகவே மாதிரித் தேர்வுகளிலே தேர்ந்த பின்னரே பணம் கட்டுதல் நன்று.

இரண்டாவது சான்று, படிப்படியாக ஏறும் கல்வி. இலங்கைத் தகைமைச் சட்டகம் கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு மட்டங்களாக வகுத்துள்ளது. இளமாணிப் பட்டம் ஐந்தாம் மட்டம். சிறப்பு இளமாணி ஆறாம் மட்டம். பட்டப்பின் சான்றிதழ் ஏழாம் மட்டம். பட்டப்பின் டிப்ளோமா எட்டாம் மட்டம். முதுமாணி ஒன்பதாம் மட்டமும் பத்தாம் மட்டமும் ஆகும். நேரே ஒன்பதாம் மட்டத்துக்குத் தாவ இயலாதவர் ஏழிலோ எட்டிலோ கால் வைத்து ஏறலாம். முகாமைத்துவத்தில் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றை நல்ல புள்ளியுடன் முடித்தவரை, பழைய சராசரியைக் காட்டி ஒதுக்குவது தெரிவுக்குழுவுக்கு எளிதன்று. கணக்கியல் தொழிற் பரீட்சைகளில் சித்தியடைவதும் இவ்வாறே உதவும்.

இவற்றை நாடுவோர் வெகுதூரம் செல்ல வேண்டியதும் இல்லை. மாகாணத்துக்குள்ளேயே, பெலிஹுல்ஓயாவிலே, 1995 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவக் கற்கைகள் பீடம் உண்டு. 1980 ஆம் ஆண்டு தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொழில் செய்துகொண்டே கற்பதற்கு வழி செய்கின்றது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம் 1986 இலிருந்து இத்துறையில் இயங்கி வருகின்றது. தோட்டத் துறையிலேயே உயர விரும்புவோருக்கு அத்துருகிரியவிலுள்ள தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் உண்டு. ஒவ்வொன்றின் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஆதலால் அவ்வாண்டின் கைந்நூலை வாசித்தே விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாம் வினாவாகிய தொழில் அனுபவத்திலே தோட்டத்து இளைஞர்க்கு ஒரு தனிச் செல்வம் இருக்கின்றது. அதனை அவர்களே அறியாதிருப்பது வியப்பு. காலையிலே பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிப்பது, செக்ரோலை எழுதுவது, மழை பெய்து பால்வெட்டு நின்ற நாளிலே ஆட்களை வேறு வேலைக்குத் திருப்புவது, கொழுந்தின் நிறையைப் பற்றி எழும் பூசலைத் தீர்ப்பது — இவையெல்லாம் முகாமைத்துவமேயாகும். தலைமைத்துவப் பண்பு உடையேன் என்று ஒருவர் எழுதினால் அது வெறுஞ்சொல். எத்தனை பேரைக் கொண்டு, எத்தனை ஏக்கரில், எந்தக் குறையைக் கண்டு, எவ்வாறு திருத்தினேன், விளைவு யாது என்று எழுதினால் அது சான்று. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பாடசாலையிலோ பணிபுரிவோருக்கும் இது பொருந்தும்.

குறைந்த புள்ளிக்கு விளக்கம் எழுதும் முறையிலும் கவனம் தேவை. விண்ணப்பத்தில் அதற்கென இடம் இருக்குமாயின் அதனை வெறுமையாக விடலாகாது. வெறுமையைக் கண்டவர் தம் மனம்போனவாறு காரணம் கற்பிப்பர். காரணத்தை இரண்டொரு வாக்கியங்களில் உண்மையாகச் சொல்ல வேண்டும். தந்தையின் நோயோ, மொழி மாற்றமோ, பகுதிநேர உழைப்போ எதுவாயினும் அதனை நீட்டி இரங்க வைத்தல் கூடாது; விரிவுரையாளர் மீது பழி சுமத்தலும் ஆகாது. காரணத்தை அடுத்து, அது எவ்வாறு நீங்கியது, பின்னர் என்ன முன்னேற்றம் கண்டது என்பதைக் காட்ட வேண்டும். மேலே சொன்ன இளைஞனுக்கு 2.20 இலிருந்து 3.40 வரை உயர்ந்த அந்த வரிசையே மிகச் சிறந்த விளக்கம்.

பரிந்துரைக் கடிதத்துக்காக அரசியல்வாதியையோ தொழிற்சங்கத் தலைவரையோ நாடும் வழக்கம் மலையகத்தில் வேரூன்றியிருக்கின்றது. தெரிவுக்குழு வேண்டுவது பதவியின் பெருமையை அன்று. விண்ணப்பதாரரோடு நாள்தோறும் பணியாற்றி, அவருடைய நிறையையும் குறையையும் கண்ட மேலதிகாரி எழுதும் கடிதமே பயன் தரும்.

கடல் கடந்து செல்ல விரும்புவோர் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டென்பதை அறிதல் நலம். இந்தியாவிலே 1961 இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கிய இந்திய முகாமைத்துவ நிறுவனங்களின் மரபில், பள்ளி வகுப்புகளின் புள்ளிகள் கூடக் கணக்கில் எடுக்கப்படுவதுண்டு. அமெரிக்காவிலே 1908 இல் தோன்றிய ஹாவார்ட் வணிகக் கல்லூரியோ, குறைந்தபட்சத் தரப்புள்ளி எதனையும் விதிப்பதில்லை என்று தன் வழிகாட்டலிற் கூறி வந்துள்ளது. எல்லை வகுக்கவில்லை என்பதனால் எளிது என்று எண்ணலாகாது. போட்டி மிகக் கடுமை. பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் பொதுவாக இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு இணையான பட்டத்தையும், இரண்டாண்டுத் தொழில் அனுபவத்தையும் எதிர்பார்க்கின்றது. எனவே அடைவதற்கு அரியது ஒன்று, தகுதிக்கு ஒத்தது இரண்டு, உறுதியாகக் கிடைக்கக்கூடியது ஒன்று எனப் பிரித்து விண்ணப்பித்தலே முறை.

இறுதியாக, எச்சரிக்கை ஒன்று அவசியமாகின்றது. 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. முதுமாணி நெறிகளின் கட்டணமோ பல இலட்சம். பெற்றோரின் ஊழியர் சேமலாப நிதியும் நகையும் இப்படிப்புக்காகச் செலவாகும் குடும்பங்கள் உண்டு. புள்ளி குறைந்தவரின் ஏக்கத்தை அறிந்து, தேர்வு வேண்டாம், அனுபவம் வேண்டாம், ஓராண்டிலே பட்டம் என்று விளம்பரம் செய்வோரும் உளர். அத்தகைய பட்டத்தை அரசுத் திணைக்களமோ நல்ல கம்பனியோ ஏற்காவிடில், முப்பது ஆண்டு உழைப்பின் சேமிப்பு ஒரு காகிதமாக முடியும். ஆகையால் பணம் செலுத்துமுன் அந்நிறுவனம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாயின் அது தன் நாட்டிலே அங்கீகாரம் உடையதா என்று எழுத்து மூலம் கேட்டறிதல் கடமை. அவசரப்பட்டு இவ்வாண்டே சேர்வதிலும், ஈராண்டு தொழில் செய்து, ஒரு டிப்ளோமாவை நன்கு முடித்து, கையிலே சிறிது பணத்தோடும் சான்றோடும் விண்ணப்பிப்பது பெரும்பாலோர்க்கு ஏற்ற வழி.

விண்ணப்பித்தோர் யாவருக்கும் இடம் கிடைக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் சாதாரண சித்தி பெற்றவர் என்பதனாலேயே ஒருவர் விண்ணப்பப் படிவத்தை மூடி வைப்பாராயின், அவரைத் தெரிவுக்குழு நிராகரிக்கவில்லை. அவரே தம்மை நிராகரித்துக்கொள்கின்றார். பல்கலைக்கழகத்தில் நான்காண்டில் பெற்ற புள்ளி உண்மையானதே. அதன் பின் உழைத்துப் பெற்ற தேர்ச்சியும் உண்மையானதே. இரண்டையும் ஒளிவுமறைவின்றி ஒருங்கே எடுத்துவைத்துத் தீர்ப்பைக் கேட்பதே விண்ணப்பதாரர்க்குரிய வழியாகும்.