அடுத்த ஊர், அடுத்த கச்சேரி: கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களின் நெடும்பயணம்

கிரேட்ஃபுல் டெட், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ பகுதியில் 1965-இல் தொடங்கிய ராக் இசைக்குழு. 1995 வரை முப்பது ஆண்டுகளில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகளை அது நடத்தியது. ஒரு கச்சேரியைக் கேட்டுவிட்டு வீடு திரும்பாமல், அடுத்த ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு குழுவின் பின்னாலேயே போன ரசிகர்களுக்கு ‘டெட்ஹெட்’ என்று பெயர். அபிமானக் குழுவைக் காண நெடுந்தூரம் போகும் ரசிகர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் அந்தப் பயணத்தையே ஒரு வாழ்க்கை முறையாக்கி, அதற்கென்று கடைத்தெருவும் தபால் வழியும் பண்டமாற்றும் எழுதாத சட்டங்களும் உண்டாக்கியவர்கள் இவர்கள்தான்.

குழு பிறந்த இடமும் காலமுமே சாலையோடு பிணைந்தவை. ஜாக் கெரூவாக்கின் ‘ஆன் தி ரோடு’ நாவல் 1957-இல் வெளிவந்து ஒரு தலைமுறையையே ஊர் சுற்றக் கிளப்பியது. அதன் நாயகன் டீன் மோரியார்ட்டிக்கு மூலமான நீல் கசாடி, 1964-இல் எழுத்தாளர் கென் கீஸியின் வண்ணம் பூசிய பழைய பள்ளிப் பேருந்தைக் கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிச் சென்றார். அடுத்த ஆண்டு கீஸி நடத்தத் தொடங்கிய விருந்துகளில் வாசித்த குழு கிரேட்ஃபுல் டெட். கிதார் கலைஞர்கள் ஜெர்ரி கார்சியாவும் பாப் வியரும், பேஸ் கிதார் வாசித்த ஃபில் லெஷும், ஆர்கனும் ஹார்மோனிகாவும் வாசித்த ‘பிக்பென்’ என்ற ரான் மெக்கெர்னனும், டிரம்ஸ் வாசித்த பில் க்ரூட்ஸ்மனும் முதல் ஐவர். இரண்டாவது டிரம்ஸ் கலைஞராக மிக்கி ஹார்ட் 1967-இல் சேர்ந்தார். சான் பிரான்சிஸ்கோவின் ஹைட்-ஆஷ்பரி வட்டாரத்தில், ஆஷ்பரி தெரு 710-ஆம் எண் வீட்டில் குழுவினர் ஒன்றாகக் குடியிருந்தார்கள்.

ஒரே குழுவை ஒரே மாதத்தில் பத்து முறை கேட்பானேன்? அதற்கான விடை இசையிலேயே இருக்கிறது. நூற்றுக்கணக்கான பாடல்களைக் கைவசம் வைத்திருந்த இந்தக் குழு, எந்த இரவு எதைப் பாடும் என்பதை முன்கூட்டி முடிவு செய்வதில்லை. நேற்றுப் பாடியதை இன்றும் பாடினால் கூட அது அதே பாட்டாக இருக்காது. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய பாடல் இருபது, முப்பது நிமிடத்துக்கு விரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளி விடாமல் கடந்து போகும். இரண்டாம் பகுதியின் நடுவில் டிரம்ஸ் கலைஞர்கள் இருவர் மட்டும் வாசிப்பார்கள். பிறகு மற்றவர்கள் தாளமும் பல்லவியும் இல்லாத ஓசைவெளிக்குள் போவார்கள். நம் கச்சேரிகளில் ஒரே ராகத்தை ஒரே வித்வான் ஒவ்வொரு சபாவிலும் வேறு வேறு விதமாக விரிப்பதைக் கேட்க மார்கழி முழுவதும் அலையும் ரசிகருக்கு இந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. மனோதர்மம்தான் டெட்ஹெட்டுகளையும் சாலையில் இறக்கியது. சில இரவுகள் சோபிக்காமலே போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நாளைய இரவு சோபிக்கலாம் என்ற நம்பிக்கையே அடுத்த ஊருக்கு வண்டி எடுக்கப் போதுமானதாக இருந்தது.

ரசிகர்களைக் குழுவே தேடிப்பிடித்த விதமும் புதுமையானது. 1971-இல் வந்த நேரடிப் பதிவு இசைத்தட்டின் உறைக்குள், ரசிகர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பும்படி ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருந்தது. கடிதங்கள் குவிந்தன. அந்த முகவரிகளுக்கெல்லாம் குழு செய்தி மடல் அனுப்பத் தொடங்கியது. பிற்பாடு கச்சேரித் தேதிகளைச் சொல்ல, பதிவு செய்த குரல் ஒலிக்கும் தொலைபேசி எண்கள் வந்தன. 1983-இல் டிக்கெட் விற்பனையையும் குழு தன் கையில் எடுத்துக்கொண்டது. சிறு அட்டையில் விவரம் எழுதி, மணியார்டரும் தபால்தலை ஒட்டிய திரும்பு உறையும் வைத்து, குறித்த தேதி முத்திரையோடு அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான உறைகளுக்கு நடுவே தங்கள் உறை கண்ணில் படட்டும் என்று ரசிகர்கள் அதன் மேல் ரோஜாவும் மண்டையோடும் ஆடும் கரடிகளும் வரைந்து அனுப்பினார்கள். இடைத்தரகர் கொழிக்காமல் உண்மையான ரசிகருக்கு டிக்கெட் போய்ச் சேர இதைவிட நல்ல ஏற்பாட்டை அக்கால ராக் உலகம் காணவில்லை.

டிக்கெட் கிடைத்ததும் பயணம் தொடங்கும். 1989 கோடைப் பயணத்தை எடுத்துக்கொண்டால் அதன் அளவு புரியும். ஜூலை 2 அன்று மாசசூசெட்ஸின் ஃபாக்ஸ்பரோவில் கச்சேரி. 4-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் மறுகோடியில், பஃபலோ அருகே. 7-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா. 9, 10 தேதிகளில் நியூஜெர்சி. 12, 13 தேதிகளில் தலைநகர் வாஷிங்டன். ஒரே நாள் இடைவெளியில் இண்டியானா மாநிலத்தின் டீர் க்ரீக் அரங்கம். 17 முதல் 19 வரை விஸ்கான்சினின் ஆல்பைன் வேலி. பதினெட்டு நாளில் பதினொரு கச்சேரிகள். சாலைக் கணக்கில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். வாஷிங்டனில் இரவு கச்சேரி முடிந்து கிளம்புகிறவர் ஏறத்தாழ 950 கிலோமீட்டர் ஓட்டினால்தான் டீர் க்ரீக்கை எட்ட முடியும். 1956-இல் தொடங்கிய மாநிலங்களுக்கிடை நெடுஞ்சாலைத் திட்டம் அதற்குள் நாடு முழுவதும் பரவியிருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

வண்டி பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். ஃபோக்ஸ்வாகன் வேன் இந்தப் பயணத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது. அது மலையேற்றத்தில் திணறும், அடிக்கடி பழுதாகும். ஆனாலும் பின்பகுதியில் படுத்துத் தூங்கலாம், சமைக்கலாம், நாலைந்து பேர் பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பின்கண்ணாடியில் பதின்மூன்று முனை மின்னல் பாய்ந்த மண்டையோட்டுச் சின்னம் ஒட்டியிருந்தால், பின்னாலும் பக்கத்திலும் போகிறவர்கள் ஹார்ன் அடித்துக் கையசைப்பார்கள். வழியில் நின்றுபோன வண்டிக்கு உதவ, முகம் தெரியாத இன்னொரு டெட்ஹெட் வண்டி நிற்கும் என்பது எழுதாத விதி.

அரங்கை அடைந்ததும் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஊர் முளைத்துவிடும். குழுவின் 1978-ஆம் ஆண்டு இசைத்தட்டின் பெயரால் அந்தக் கடைத்தெருவை ‘ஷேக்டவுன் ஸ்ட்ரீட்’ என்று அழைத்தார்கள். சாயமிட்ட சட்டைகள், பாசிமணி மாலைகள், வாட்டிய சீஸ் ரொட்டி, காய்கறி புரீட்டோ, குளிர்பானம் என எல்லாம் வண்டிகளின் பின்புறத்திலேயே விற்பனையாகும். அடுத்த ஊருக்கான பெட்ரோலும் டிக்கெட்டும் அந்த வருமானத்தில்தான். டிக்கெட் இல்லாதவர்கள் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு கூட்டத்தில் நடப்பார்கள். அதற்கு ‘ஓர் அற்புதம் வேண்டும்’ என்று பொருள். கையில் ஒரு டிக்கெட் கூடுதலாக வைத்திருப்பவர் காசு வாங்காமல் கொடுத்துவிட்டுப் போவதும் அங்கே அன்றாடம் நடந்தது.

இந்தப் பயணங்களில் மிக அரிய சரக்கு கேசட்தான். மற்றக் குழுக்கள் ரசிகர்களின் பதிவுக் கருவிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், கிரேட்ஃபுல் டெட் அவற்றைத் தாராளமாக அனுமதித்தது. வாசித்து முடித்த இசை ரசிகருக்கே சொந்தம் என்பது கார்சியாவின் நிலை. உயரக் கம்பங்களில் மைக் கட்டி நின்றவர்கள் மற்றவர்களின் பார்வையை மறைத்ததால், 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரிகளிலிருந்து ஒலிக்கட்டுப்பாட்டு மேடைக்குப் பின்னால் அவர்களுக்கெனத் தனி இடமும் தனி டிக்கெட்டும் ஒதுக்கப்பட்டன. ஒரே ஒரு நிபந்தனை: பதிவைக் காசுக்கு விற்கக் கூடாது. வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் முன்பின் அறியாதவர் கூடப் பிரதி எடுத்து அனுப்புவார். கான்சாஸில் ஒரு மாணவர் விடுதி அறையில் கேட்கப்படும் கேசட்டே அடுத்த கோடையில் அந்த மாணவனைச் சாலைக்கு இழுக்கும். விளம்பரமும் வானொலியும் செய்யாத வேலையைக் கேசட் செய்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் நஷ்டம் என்று அஞ்சிய அதே காரியம் இந்தக் குழுவை வளர்த்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரசிகர்கள் ஒவ்வொரு கச்சேரியின் பாடல் வரிசையையும் குறித்து வைத்தார்கள். 1987-இல் அவற்றைத் திரட்டி ‘டெட்பேஸ்’ என்ற தடித்த நூலாகவே வெளியிட்டார்கள்.

அப்படிக் குறித்து வைத்தவர்களுக்கு 1989 அக்டோபர் 9 மறக்க முடியாத தேதி. வெளியூர்க் கூட்டத்தைத் தவிர்க்க எண்ணி, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் அரங்கில் இரண்டு கச்சேரிகளைத் தன் ஆரம்பகாலப் பெயரான ‘வார்லாக்ஸ்’ என்பதைக் கொண்டு குழு அறிவித்தது. டிக்கெட் உள்ளூரில் மட்டும் விற்றது. எப்படியோ சேதி அறிந்து வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டாம் இரவில் ‘டார்க் ஸ்டார்’ கிடைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குழு தொடாமல் வைத்திருந்த பாடல் அது. முதல் சில சுரங்கள் எழுந்ததும் அரங்கம் ஆர்ப்பரிப்பது அந்த இரவின் பதிவில் இன்றும் கேட்கிறது.

யார் இந்த ரசிகர்கள்? வீட்டை விட்டு ஓடிவந்த ஹிப்பி இளைஞர்கள் என்ற சித்திரம் முழு உண்மையல்ல. வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் விடுமுறையைச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தார்கள். கூடைப்பந்து வீரர் பில் வால்ட்டன் தம் வாழ்நாளில் 850-க்கும் மேற்பட்ட கச்சேரிகளைக் கேட்டதாகச் சொன்னவர். 1978 செப்டம்பரில் எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கு அருகே குழு வாசித்தபோது அங்கும் போயிருந்தார். சமூகவியல் பேராசிரியர் ரெபெக்கா ஆடம்ஸ் 1989 கோடையில் தம் மாணவர்களையே இந்தப் பயணத்தில் அழைத்துச் சென்று பாடம் நடத்தினார். காது கேளாத ரசிகர்கள் கையில் பலூனைப் பிடித்து அதன் அதிர்வில் இசையை உணர்ந்தார்கள். அவர்களுக்கெனத் தனி இடம் இருந்தது, சைகை மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்.

போதைப்பொருளைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. குழுவின் தொடக்க கால ஒலிப் பொறியாளர் ஔஸ்லி ஸ்டான்லி, எல்எஸ்டி தயாரித்ததற்காகச் சிறை சென்றவர். கார் நிறுத்துமிடத்தில் அந்த வியாபாரமும் நடந்தது. எல்எஸ்டி தோய்த்த காகிதத்தின் எடையையும் சேர்த்தே தண்டனையைக் கணக்கிடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. அதனால் சிறு அளவு வைத்திருந்த இளைஞர்களுக்கும் நீண்ட கட்டாயச் சிறைத்தண்டனை விழுந்தது. கச்சேரிப் பயணம் பலருக்குச் சிறையில் முடிந்தது. இதற்கு மாற்று மருந்தும் ரசிகர்களிடமிருந்தே வந்தது. ‘வார்ஃப் ராட்ஸ்’ என்ற குழுவினர் போதையை விட்டவர்கள். கச்சேரி இடைவேளையில் மஞ்சள் பலூன்களின் கீழே கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள். போதையில்லாமலும் இந்தப் பயணம் முழுமையானது என்பதற்கு அவர்களே சாட்சி.

சரிவு புகழோடு வந்தது. 1987-இல் ‘டச் ஆஃப் கிரே’ பாடல் பில்போர்டு பட்டியலில் ஒன்பதாம் இடம் பிடித்தது. குழுவின் வாழ்நாளில் முதல் பத்துக்குள் வந்த ஒரே பாடல் அதுதான். புதிய கூட்டம் திரண்டது. டிக்கெட் இல்லாமல் கார் நிறுத்துமிடத்துக்காக மட்டுமே வந்தவர்களும் பெருகினார்கள். அக்கம்பக்கத்து ஊர்கள் முகம் சுளித்தன. அரங்க வளாகங்களில் கடை போடுவதும் கூடாரம் அடிப்பதும் தடைபட்டன. 1995 ஜூலை 2 அன்று டீர் க்ரீக்கில் டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியைச் சாய்த்து உள்ளே புகுந்தது. மறுநாள் கச்சேரி ரத்தாயிற்று. நடந்தது தொடர்ந்தால் பயணமே நின்றுவிடும் என்று குழு ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. வேலி சாய்ந்து மூன்று நாள் கழித்து மிசூரியில், ரசிகர்கள் தங்கியிருந்த முகாமில் மேல்தளம் இடிந்து நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் நடந்தது கடைசிக் கச்சேரியாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, 53 வயதில் கார்சியா காலமானார். அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை 1996 ஏப்ரலில் பாப் வியர் ரிஷிகேசத்தில் கங்கையில் கரைத்தார்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் குழுவோடு ஓர் உறவு உண்டு. மிக்கி ஹார்ட் 1991-இல் வெளியிட்ட ‘பிளானெட் டிரம்’ இசைத்தொகுப்பில் ஜாகிர் உசேனோடு சேர்ந்து கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கு முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருது அந்தத் தொகுப்புக்கே கிடைத்தது.

குழு கலைந்தபின் பயணப் பழக்கம் மறையவில்லை. வெர்மான்ட் மாநிலத்தில் 1983-இல் தோன்றிய ஃபிஷ் குழுவின் ரசிகர்கள் அதை அப்படியே வரித்துக்கொண்டார்கள். 2004 ஆகஸ்டில் வெர்மான்டின் காவென்ட்ரியில் அந்தக் குழு நடத்திய விழாவுக்கு வந்தவர்கள், மைதானம் சேறாகிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, நெடுஞ்சாலை ஓரத்திலேயே கார்களை விட்டுவிட்டுப் பல கிலோமீட்டர் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். 2015-இல் எஞ்சிய கிரேட்ஃபுல் டெட் கலைஞர்கள் சான்டா கிளாராவிலும் சிகாகோவிலும் ஒன்றுகூடி வாசித்தபோது, தபால் டிக்கெட் முறை திரும்ப வந்தது. படம் வரைந்த உறைகளும் திரும்பக் குவிந்தன.

குழுவின் ஆவணங்கள் இன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் நூலகத்தில் உள்ளன. பழைய உறைகளும் அவற்றில் உண்டு. ரசிகர்கள் கம்பத்தில் மைக் கட்டிப் பதிந்த ஆயிரக்கணக்கான கச்சேரிகளை இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் யாரும் காசில்லாமல் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கும் பதிவு அது.