இது எந்தக் கடலை? – பொருளுக்கு முன்பே பொட்டலத்தைத் திட்டமிடுவோம்

சென்ற தீபாவளி முடிந்த வாரம், என் சித்தி வீட்டில் செய்து விற்ற முறுக்கில் ஒரு பொட்டலத்தை நான்காம் படிவ வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். மாணவர்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஒரு மாணவி மட்டும் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படித்தாள். அவளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. சேர்பொருள் பட்டியலில் மலாயில் ‘காச்சாங்’ என்று மட்டும் இருந்தது.

“சார், இது எந்தக் காச்சாங்?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மலாயில் நிலக்கடலை ‘காச்சாங் தானா’, கொண்டைக்கடலை ‘காச்சாங் கூடா’. வெறும் ‘காச்சாங்’ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். தமிழில் ‘கடலை’ என்று எழுதியிருந்தாலும் இதே குழப்பம்தான். இடைவேளையில் சித்தியை அழைத்துக் கேட்டேன்.

“கடலை மாவுதான்பா. நிலக்கடலைய யாராவது முறுக்குல போடுவாங்களா?” என்றவர், சற்று யோசித்து, “ஆனா மிக்சருக்கு நிலக்கடலை பொரிச்ச எண்ணெயிலதான் முறுக்கையும் சுட்டேன்” என்றார்.

நல்ல வேளை, அந்த மாணவி வாயில் வைப்பதற்கு முன் கேட்டாள். நிலக்கடலையில் உள்ள புரதமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. பொரித்த எண்ணெயில் தங்கும் சிறு துணுக்குகளே சிலருக்குப் போதும். தோல் தடிக்கும், தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

சித்தியின் கைப்பக்குவத்தில் குறையில்லை. தவறு வேலையின் வரிசையில் இருந்தது. குத்துவிளக்குப் படம், எழுத்தின் நிறம் எல்லாவற்றையும் முதலில் தேர்ந்தெடுத்து, 3,000 பைகளை அச்சடித்துவிட்டார். உள்ளே என்ன இருக்கும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் யோசித்தார். அந்தப் பைகளில் மேலும் இரண்டு சிக்கல்கள் இருந்தன. மூன்றே வாரத்தில் முறுக்கில் சிக்கு வாடை வந்தது. கடையிலோ பார்கோட்டைக் கருவி படிக்கவே இல்லை. இவை மூன்றுக்கும் அறிவியல் விளக்கம் உண்டு.

லேபிள் என்பது செய்முறைக் கணக்கு

மலேசியாவில் விற்கப்படும் பொட்டல உணவுகளின் லேபிளை 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் நெறிப்படுத்துகின்றன. உணவின் பெயர், சேர்பொருள்கள், நிகர எடை, தயாரிப்பாளரின் அல்லது பொட்டலமிடுபவரின் பெயர், முகவரி ஆகியவை வேண்டும். விதிமுறை குறிப்பிடும் உணவுகளுக்குக் காலாவதித் தேதியும் வேண்டும். இங்கே தயாரிக்கும் உணவென்றால் இவை தேசிய மொழியில் இருக்க வேண்டும். தமிழையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். பசை புரதமுள்ள தானியங்கள், நிலக்கடலையும் சோயாவும் உள்ளிட்ட கொட்டை வகைகள், மீன், பால், முட்டை முதலிய ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் அவற்றைத் தெரிவித்தாக வேண்டும்.

சேர்பொருள்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்த வேண்டும். இங்கேதான் சித்தி திணறினார். அவருடைய அளவெல்லாம் கைப்பிடி, கரண்டி, கண்ணளவு. கண்ணளவை லேபிளில் எழுத முடியாது. ஆகவே தராசை வாங்கி, மாவு, எண்ணெய், எள், உப்பு எல்லாவற்றையும் நிறுத்து எழுதிக்கொண்டார். அதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது: ஒவ்வொரு முறையும் முறுக்கு ஒரே சுவையில் வந்தது.

எண்ணெய்ச் சிக்கலை லேபிளால் மட்டும் தீர்க்க முடியாது. முறுக்குக்கும் மிக்சருக்கும் தனித்தனிச் சட்டி, தனித்தனி எண்ணெய் என்று அடுப்படியையே மாற்ற வேண்டியிருந்தது. லேபிளை முதலில் எழுதிப் பார்த்திருந்தால், சட்டியை அடுப்பில் ஏற்றும் முன்பே இது தெரிந்திருக்கும்.

பை என்பது தடுப்புச் சுவர்

முறுக்குக்கு மூன்று எதிரிகள்: நீராவி, ஆக்சிஜன், ஒளி. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். உலர்ந்த முறுக்கு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு மொறுமொறுப்பை இழக்கிறது. எண்ணெயோ ஆக்சிஜனுடன் வினைபுரிந்து முதலில் பெர்ஆக்சைடுகளாக மாறுகிறது. அவை பின்னர் சிதைந்து, நாற்றமுள்ள ஆல்டிஹைடுகள் உருவாகின்றன. நாம் முகரும் சிக்கு வாடை இவற்றிலிருந்து வருவதுதான். வெளிச்சம் பட்டால் இந்த வினை விரைவாகும்.

சித்தி வாங்கியது பளபளப்பான, கண்ணாடிபோல் தெளிவான பாலிஎத்திலீன் பை. பாலிஎத்திலீன் நீராவியை நன்றாகத் தடுக்கும். ஆக்சிஜனைத் தடுப்பதில் பலவீனமானது. தெளிவான பை ஒளியையும் விட்டுவிடும். அதனால் முறுக்கு மொறுமொறுப்பாகவே இருந்தது, வாடை மட்டும் மாறியது.

உருளைக்கிழங்குச் சீவல் பொட்டலத்தைப் பிரித்து உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளிபோல் மின்னுவது அலுமினியம். வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கி நெகிழிப் படலத்தின் மேல் படியவிடுகிறார்கள். அதன் தடிப்பு தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் ஆக்சிஜன், நீராவி, ஒளி மூன்றையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. பை உப்பியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நைட்ரஜன். காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன். அதை வெளியேற்றிவிட்டு, எளிதில் வினைபுரியாத நைட்ரஜனை நிரப்புகிறார்கள். சீவல் நொறுங்காமல் காக்கும் மெத்தையாகவும் அது உதவுகிறது.

ஆகவே காலாவதித் தேதியைப் பையை முடிவு செய்யாமல் சொல்லவே முடியாது. அதே முறுக்கு ஒரு பையில் மூன்று வாரமும் இன்னொரு பையில் சில மாதங்களும் தாங்கலாம். விற்கப்போகும் அதே பையில் அடைத்து வைத்து, குறித்த நாள்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிப்பதே சரியான முறை. காத்திருக்க நேரமில்லாதவர்கள் கூடுதல் வெப்பத்தில் வைத்துச் சோதிப்பதுண்டு. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் இது மதிப்பீடு மட்டுமே.

கருவியின் கண்

சித்தியின் பார்கோடு வெள்ளைப் பின்னணியில் குங்குமச் சிவப்பில் இருந்தது. நம் கண்ணுக்கு அழகு. ஆனால் கடைகளில் உள்ள பல கருவிகள் சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் அளவைக் கொண்டு கோடுகளைப் படிக்கின்றன. கறுப்புக் கோடு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். சிவப்புக் கோடோ வெள்ளைத் தாளைப் போலவே சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். கருவிக்கு அங்கே கோடே இல்லை. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் எழுதி, சிவப்புக் கண்ணாடித் தாள் வழியாகப் பாருங்கள், எழுத்து மறைந்துவிடும்.

அளவும் முக்கியம். 13 இலக்கப் பார்கோட்டின் வழக்கமான அகலம், இருபுற வெற்றிடத்தையும் சேர்த்து, 37.29 மில்லிமீட்டர். அதை 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கக்கூடாது. இருபுற வெற்றிடத்தில் படமோ எழுத்தோ வந்தால், கோடு எங்கே தொடங்குகிறது என்பது கருவிக்குத் தெரியாது. ஆகவே படம் வரையும் முன்பே இந்த இடத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

955 என்று தொடங்கும் 13 இலக்கப் பார்கோடு உள்ள ஒரு பொட்டலத்தை எடுங்கள். 955 மலேசியாவில் பதிவான எண்களின் தொடக்கம், சிங்கப்பூருக்கு 888. இடமிருந்து முதல் 12 இலக்கங்களில் 1, 3, 5, 7, 9, 11ஆம் இடத்து இலக்கங்களைக் கூட்டுங்கள். 2, 4, 6, 8, 10, 12ஆம் இடத்தவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்து வரும் எண்ணை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு தேவையோ, அதுதான் 13ஆவது இலக்கம். எண் ஏற்கனவே பத்தின் மடங்காக இருந்தால் விடை 0. கருவி தவறாகப் படித்தால், இந்தக் கணக்கு பெரும்பாலும் இடித்துக் காட்டிவிடும்.

எது முதலில்?

வீட்டுத் தொழில் தொடங்குவோர் இந்த வரிசையைப் பின்பற்றலாம். முதலில் செய்முறையை எடையில் எழுதுங்கள். ஒவ்வாமைப் பொருள் எந்தெந்த வழியில் கலக்கக்கூடும் என்று பாருங்கள். பிறகு பையைத் தேர்ந்தெடுத்து, அதில் அடைத்துச் சோதித்து, காலாவதிக் காலத்தை முடிவு செய்யுங்கள். லேபிளின் சொற்களை அதன்பின் எழுதுங்கள். தேதி அச்சிட வெற்றிடம் விடுங்கள். நிறமும் படமும் கடைசியில் வரட்டும். முதல் சில நூறு பொட்டலங்களுக்கு வெறும் பையில் ஒட்டும் லேபிளே போதும். மாதிரி அச்சைக் கடைக்கு எடுத்துச் சென்று பார்கோடு படிக்கிறதா என்று பார்த்த பிறகு ஆயிரக்கணக்கில் அச்சடியுங்கள்.

மீந்த பழைய பைகளில் சித்தி இப்போது மிளகாய் வற்றல் போட்டு வைக்கிறார். போன மாதம் புதிய முறுக்குப் பொட்டலம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு போனேன். அதே மாணவி திருப்பிப் படித்தாள். நிலக்கடலையும் கையாளப்படும் சமையலறையில் தயாரிக்கப்பட்டது என்று தேசிய மொழியிலும் தமிழிலும் தெளிவாக எழுதியிருந்தது.

“எனக்கு வேண்டாம் சார்” என்று சொல்லிப் பொட்டலத்தைப் பக்கத்துத் தோழியிடம் கொடுத்தாள். இந்த முறை அவள் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.