நோயாளியின் சாக்ஷியம்

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் ஜனங்கள் அடி அண்ணாமலையைக் கடந்து செல்கிறார்கள். அந்த 14 கிலோமீட்டர் வழியில் பலர் ஓயாது தும்மிக்கொண்டும், மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டும் நடக்கிறார்கள். தும்மலைச் சகுனமென்று சொல்லிவிட்டு மறந்துவிடுவது நமது வழக்கம். பருவந்தோறும் திரும்பி வந்து, இரவில் உறக்கத்தையும் பகலில் தொழிலையும் கெடுக்கும் தும்மல் சகுனமன்று; நோய்.

இதற்கு ஆங்கிலேயர் ‘ஹே பீவர்’, அதாவது வைக்கோற் காய்ச்சல், என்று பெயரிட்டனர். வைக்கோல் இதற்குக் காரணமன்று. காய்ச்சலும் இதில் இல்லை. காற்றில் பறக்கும் மகரந்தத் தூளே காரணம். 1819-ல் இந்நோயை விவரித்த ஜான் பாஸ்டக் என்னும் வைத்தியர் எழுதியது தம் சொந்தத் தேகத்தின் கஷ்டத்தையே. மகரந்தத்தின் மேல் குற்றத்தை ருசுப்படுத்தி 1873-ல் நூல் வெளியிட்ட சார்ல்ஸ் பிளாக்லியும் இந்நோயால் வருந்தியவரே. ஆகவே நோயாளியின் வாக்குமூலத்திலிருந்தே இந்த சாஸ்திரம் பிறந்ததென்று சொல்லலாம்.

மூக்கடைப்பின் கொடுமையைக் காட்டும் தராசு எந்த வைத்தியரிடமும் இல்லை. அனுபவிப்பவனே அதைச் சொல்லவேண்டும். ஆனால் மூன்று மாதங் கழித்து வைத்தியர் கேட்கும்போது அவன் சொல்வது ஞாபகத்தின் சாக்ஷியம். அன்றன்று குறித்ததே நேர் சாக்ஷியம். ஐரோப்பாவில் ழான் பூஸ்கே முதலிய வைத்தியர்கள் 2015 முதல் இதற்கொரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இன்று ‘மாஸ்க்-ஏர்’ என வழங்கும் அக்கைப்பேசிச் செயலியில், நோயாளி தன் கஷ்டத்தைப் பூஜ்யம் முதல் 100 வரையுள்ள கோட்டில் தினமும் குறிக்கிறான். உண்ட மருந்தையும் குறிக்கிறான். 2015, 2016 ஆகிய இரு வருஷங்களில் 2,871 பேர் 17,091 தினங்களின் கணக்கைத் தந்தனர்.

அதிலிருந்து தெரிந்த உண்மை யாது? வைத்தியர் தினமும் உட்கொள்ளச் சொன்ன மருந்தைப் பலர் தினமும் உட்கொள்வதில்லை. கஷ்டம் மிகுந்த நாளில் மருந்துக்குமேல் மருந்து சேர்க்கிறார்கள். எனவே மருந்து மிகுந்த நாட்களே கஷ்டமும் மிகுந்த நாட்களாயிருந்தன. இதைக் கண்டு மருந்தே நோயை வளர்த்ததென்று தீர்ப்புக் கூறுவது தவறு. அவ்வாறே, மாத்திரையின் பலத்தால் நிம்மதியாயிருப்பவனை நோயற்றவனென்று கணக்கிடுவதும் தவறு. நோயின் அளவையும் மருந்தின் அளவையும் ஒரே நாளில், ஒரே ஏட்டில் எழுதினாலன்றி நியாயம் விளங்காது.

நம் தேசத்தில் இக்கணக்கு அவசியமென்பதற்குப் பார்த்தீனியமே போதும். 1950-களின் நடுவில் புனாவில் காணப்பட்ட இவ்வந்நியச் செடி இன்று சாலையோரமெங்கும் மண்டிக்கிடக்கிறது. பெங்களூர் ஜனங்களில் நூற்றுக்கு 7 பேர் இதனால் மூக்கு நோயுற்றிருப்பதாக 1991-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். சீமைக் கருவேலின் மகரந்தமும் இத்தகையதே. கிரிவலப் பாதையில் தும்முபவனை வருத்துவது மகரந்தமா, மண்தூசியா, கற்பூரப் புகையா? நாளும் இடமும் குறித்த கணக்கின்றி யார் சொல்ல வல்லார்?

மருந்து விஷயமும் அற்பமன்று. கடையில் கேட்டு வாங்கும் பழைய மாத்திரைகள் சில தூக்கத்தை உண்டாக்கும். வண்டியோட்டுபவனுக்கு அது அபாயம். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்குமேல் இட்டால் அடைப்பு முன்னிலும் பலமாய்த் திரும்பும். ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்போ, ஒழுங்காய் உபயோகித்தாலே முழுப்பலன் தரும். இழுப்பும் சேர்ந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

கைப்பேசி உடையோரை மட்டும் எண்ணும் கணக்கு தேசத்தின் கணக்காகாது. கிரிவலப் பாதையில் நாள் முழுதும் உட்கார்ந்து பூ விற்கும் மூதாட்டியின் மூக்கும் மூக்கே. அவளுக்கு எழுதத் தெரியாவிடில் அவள் பேரன் எழுதட்டும். ஊர்தோறும் உழைக்கும் நம் தொண்டர்கள் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்ஸிலும் கொண்டு இதை ஆரம்பிக்கலாம்: தேதி, இடம், பத்துக்கு எத்தனை கஷ்டம், உண்ட மருந்து, கெட்ட வேலை. ஐந்து கலங்கள் போதும். ஸர்க்கார் சுகாதார நிலையங்கள் அவற்றைத் தொகுத்து, ஊர் ஜனங்களுக்கே திருப்பிச் சொல்லவேண்டும். பேர் ஊர் அம்பலமாகாமல் காப்பதும் அவர்கள் கடமை.

தன் கஷ்டத்தைத் தானே எழுதி வைக்காத ஜன சமூகத்துக்கு அந்நியர் எழுதிய கணக்கே கதியாகும். நம் மூக்கின் வழக்கிலாவது நாமே சாக்ஷி சொல்வோமாக.