மலையகத்தில் தானியக் காப்பு: நோர்வூட் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

தானியச் சேமிப்பைப் பற்றி நம்மிடையே எழுதப்படுபவை பெரும்பாலும் உலர் வலயத்து நெல்லையும் சோளத்தையும் மனங்கொண்டு எழுதப்படுபவை. குதிரையும் கொம்பறையையும் பற்றிப் பேசும்போது நாம் நிலமுடையோரின் வீட்டைப் பற்றியே பேசுகிறோம். அட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில், கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நாடி இறங்கும் பள்ளத்தாக்கிலுள்ள நோர்வூட், தானியம் விளையும் பிரதேசமன்று. ஆயினும் அங்கு வாழும் தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அரிசியையும் கோதுமை மாவையும் கொண்டே உயிர் வாழ்ந்துள்ளனர். விளையாத இடத்தில் உண்ணப்படும் தானியம் எவ்வாறு காக்கப்படுகிறது என்னும் வினாவை இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறோம். லயத்தை அடுத்த துண்டு நிலங்களில் சோளம் பயிரிடுவோருக்கும் இவ்வினா உரியதாகும்.

முதலில் தானியத்தின் இயல்பைக் கூறுதல் வேண்டும். அறுவடையான தானியம் உயிரற்ற பொருளன்று, அது சுவாசிக்கிறது. தன்னிலுள்ள மாப்பொருளைச் செலவிட்டுக் காபனீரொட்சைட்டையும் நீரையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. உலர்ந்த மணியில் இச்சுவாசம் மிக மெல்லியது. ஈரமான மணியிலோ விரைவானது. வெளிப்படும் நீரும் வெப்பமும் சுவாசத்தை மேலும் தூண்ட, பங்கசும் வண்டும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. சோளத்தின் ஈரம் நூற்றுக்கு 13 அளவில் இருப்பின் பல மாதங்களுக்கு அஞ்சவேண்டியதில்லை. அது 16, 17 என உயரும்போது கெடுதல் வாரக் கணக்கிலே தொடங்கிவிடும்.

உலர்ந்த தானியமும் கலத்தினுட் கெடுவதுண்டு. கலத்தின் சுவர் இரவில் குளிர்கிறது. நடுவிலுள்ள மணிகள் வெப்பத்தை இழப்பதில்லை. நடுவிலுள்ள வெப்பமான காற்று மேலெழுந்து, குளிர்ந்த மேற்பரப்பை அடைந்ததும் தன் ஈரத்தை அங்கே விட்டுவிடுகிறது. மூடியைத் திறப்பவர் மேலடுக்கு பூத்திருப்பதைக் கண்டு மழைநீர் புகுந்ததென எண்ணுவர். உண்மையில் அந்த நீர் தானியத்திலிருந்தே வந்தது. இதனைத் தவிர்ப்பதற்கே பெருங்கலங்களின் அடியில் துளைத்தட்டு அமைத்து விசிறியாற் காற்றுச் செலுத்துகின்றனர். ஒரு தொன் தானியத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழப் பத்திலொரு கனமீற்றர் காற்றுப் போதுமானது. அதன் நோக்கம் கலம் முழுவதையும் ஒரே வெப்பநிலைக்குக் கொணர்வதேயன்றி ஈரத்தைப் போக்குவதன்று. உலர்த்துவதாயின் இதனைப் போற் பத்து மடங்குக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். காற்றோட்டத்தையும் உலர்த்தலையும் ஒன்றெனக் கொள்வதாலேயே பலர் ஏமாற்றமடைகின்றனர்.

நோர்வூட்டின் காலநிலை இவ்விடயத்தில் இருபுறமும் வெட்டுகிறது. கடல்மட்டத்திலிருந்து 1100 மீற்றர் அளவிலுள்ள இப்பகுதியிற் குளிர்ச்சியே வண்டுக்குப் பகை. 30 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்துள் ஒரு தலைமுறையை முடிக்கும் அரிசி வண்டு, 15 பாகைக்குக் கீழே இனம்பெருக்குவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அனுராதபுரத்து விவசாயிக்கு இயற்கை தராத உதவி இது. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் மூடுபனியும் சாரீரப்பதனை நூற்றுக்கு 90 வரையிலும் அதற்கு மேலும் உயர்த்துகின்றன. அத்தகைய காற்றைக் கலத்தினுட் செலுத்தினால் உலர்ந்த சோளமும் நூற்றுக்கு 18 இற்கு மேல் ஈரம் ஏற்கும். வண்டு தளரும் இடத்திற் பங்கசு தழைக்கிறது.

இச்சிக்கலுக்கான விடை நோர்வூட்டுக்குப் புதியதன்று என்பதே நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புவது. தேயிலைத் தொழிற்சாலை அதனை நாள்தோறும் நடைமுறைப்படுத்துகிறது. பறித்த கொழுந்தில் முக்காற் பங்குக்கு மேல் நீர். பெட்டியில் அடைக்கப்படும் தேயிலையில் நூற்றுக்கு 3 அளவே. முன்னர் மேன்மாடியிற் சாக்குத் தட்டுகளிற் பரப்பி வாட்டினர்; பின்னர் வலைத்தட்டின் மீது கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியாற் காற்றுச் செலுத்தும் நீண்ட தொட்டிகள் வந்தன. டீமேக்கர் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் பார்த்தே காற்றைத் திறக்கிறார். மழைநாளிற் சூடான காற்றைக் கலக்கிறார். 20 பாகையில் 90 நூற்றுவீத சாரீரப்பதனுடைய காற்றை 26 பாகைக்குச் சூடேற்றினால் அச்சாரீரப்பதன் ஏறத்தாழ 63 ஆகக் குறையும். அக்காற்றிற் சோளம் நூற்றுக்கு 13 இன் அயலில் வந்து நிற்கும். ஆறு பாகையே வேறுபாடு. இவ்வறிவு ஒரே தோட்டத்தில், லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தேயிலைக்குக் கிடைத்த காற்று, தொழிலாளியின் அரிசிக்குக் கிடைக்கவில்லை.

அதற்குரிய காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் சமையலும் உறக்கமும் ஒருங்கே நிகழ்ந்தன. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய லயங்களிற் பின்சுவரில் யன்னலுக்கும் இடமில்லை. தகரக்கூரை இரவில் வியர்க்கும். அரிசியைத் தோட்ட நிர்வாகமே வழங்கிச் சம்பளத்திற் கழித்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்குக் குதிர் தெரியாததன்று. அறுவடை இல்லாதவனுக்குக் குதிரால் யாது பயன்? அடுத்த வழங்கல் நாள்வரை மட்டுமே உணவை வைத்திருப்பவனாக அவன் ஆக்கப்பட்டான். கையிருப்பு அவனிடமன்றிக் கொழும்புத் துறைமுகத்திலும் அதற்கப்பால் பர்மாவிலும் இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் அந்த அரிசி நின்றது. பங்கீடும் கோதுமை மாவும் அதன் பின் வந்தவை.

இத்தகைய சார்புநிலையின் விலையை 1974 ஆம் ஆண்டு காட்டிற்று. 1973 இன் பிற்பகுதியிலிருந்து உணவுப் பங்கீடுகள் குறைக்கப்பட, தோட்டத்துறையில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. அதே 1974 இல் இந்தியாவின் மேற்கே, இராசத்தானின் பான்ஸ்வாராவிலும் குசராத்தின் பஞ்சமகாலிலும் வாழும் பழங்குடி மக்களிடையே வேறொரு துயரம் நிகழ்ந்தது. காலந்தவறிய மழையில் நனைந்து பங்கசு பிடித்த சோளத்தை உண்ட 397 பேர் ஈரல் நோயுற்றனர். அவர்களில் 106 பேர் இறந்தனர். அச்சோளத்திலே அஃப்லாதொட்சின் என்னும் நஞ்சு காணப்பட்டது. வேறு தானியம் வாங்க வழியின்றியே அவர்கள் பூத்த சோளத்தை உண்டனர். முன்னதிற் கையிருப்பு இல்லை. பின்னதில் இருந்த கையிருப்பே நஞ்சாயிற்று. அஃப்லாதொட்சின் சமைப்பதால் முற்றாக அழிவதில்லை என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். பூத்ததைக் கழுவிக் காயவைத்து உண்ணலாம் என்னும் நம்பிக்கை ஆபத்தானது.

2021 இன் உரத்தடையின் பின்னர் நெல், சோள விளைச்சல்கள் வீழ்ந்து, 2022 இல் மாவின் விலை ஏறியபோது, தோட்டங்களின் தரிசு நிலத்திற் பயிரிடுமாறு தொழிலாளருக்கு அறிவுரை கூறப்பட்டது. விளைந்ததை எங்கே வைப்பது என்பதை எவரும் கூறியதாகத் தெரியவில்லை. ஒரு குடும்பத்தின் ஓரிரு மூடைக்கு விசிறி தேவையில்லை என்பது நம் கருத்து. சனவரி முதல் மார்ச் வரையான வெயிலில் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் அடைத்தலே போதும். உள்ளிருக்கும் ஒட்சிசன் தீர்ந்ததும் வண்டும் மடியும். மண்சுவரினிடையே பொலித்தீன் விரிப்பை வைத்துக் கட்டும் இந்தியாவின் பூசா கலம் இதே தத்துவத்தில் அமைந்தது. ஆனால் ஈரமான தானியத்தை இவ்வாறு அடைத்தல் அதனைப் புளிக்கவைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே அடைக்குமுன், உலர்ந்த போத்தலொன்றிற் சிறிது தானியத்துடன் உலர்ந்த உப்பை இட்டுக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தல் நன்று. உப்புக் கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் நூற்றுக்கு 15 இற்கு மேல். மீண்டும் வெயிலில் இடவேண்டும்.

பல குடும்பங்கள் கூடிச் சேர்க்கும் பொதுக் களஞ்சியமாயின் கதை வேறு. அங்கே துளைத்தட்டும் சிறு விசிறியும் வேண்டும். இரு வெப்பமானிகளைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அவரைத் தேடி அலையவேண்டியதில்லை. தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றோர் ஒவ்வொரு தோட்டத்திலும் உளர். இயங்கும் தொழிற்சாலைக்குள் சோளத்தைக் கொணர நிர்வாகம் இசையாது. தேயிலை அயல் மணத்தை எளிதில் ஏற்கும் என்பதால் அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் இயங்காது கிடக்கும் தொழிற்சாலைக் கட்டடங்கள் மலையகத்தில் இல்லாமலில்லை. அவற்றில் எஞ்சியுள்ள வாட்டுத் தொட்டியொன்றிற் சோளத்தை ஓரடி உயரத்துக்குள் பரப்பி, மூடுபனி விலகிய நண்பகலில் மட்டும் விசிறியை இயக்கி, மாலை நான்கு மணிக்குள் நிறுத்தி, காற்றுவாயிலை மூடிவிடல் வேண்டும்.