தற்காலிக அட்டவணை

ஜிந்துப்பிட்டியில் வாப்பாவின் கடைக் கடன் கணக்கு இப்போது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் பாக்கிகளைப் பிரித்து ஆள்வாரியாகக் கூட்ட, ‘கிரியேட் டெம்பரரி டேபிள்’ கட்டளையால் தற்காலிக அட்டவணை ஒன்றை ஆக்குகிறேன். பேரேட்டில் கை வைக்காமல் துண்டுக் கடதாசியில் கூட்டிப் பார்ப்பது போலத்தான். அது என் இணைப்புக்கு மட்டுமே தெரியும்; நானாவும் அதே பெயரில் மற்றக் கணினியில் ஒன்று வைத்திருக்கலாம், மோதாது. இணைப்பு முடிந்ததும் தானாக அழிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம், தோழியரே. நிலையான அட்டவணையின் பெயரையே இதற்கும் வைத்தால் அசல் மறைந்து நிற்கும். தற்காலிகமானது ஏற்கெனவே போயிருக்க, வெறும் ‘ட்ரொப் டேபிள்’ கொடுத்தால் அசலே போய்விடும். ஊரார் கடன் முழுக்க! ‘ட்ரொப் டெம்பரரி டேபிள்’ என்றே எழுதுங்கள், அது அசலைத் தொடாது.