கைப்பேசியில் சிக்னல் இல்லையா?

சரக்கு ஆர்டர், லாரி புக்கிங் விவரம், வங்கியின் ஓ.டி.பி. எண் எல்லாம் இன்று கைப்பேசியில்தான் வருகின்றன. அதில் சிக்னல் போய்விட்டால் பதறாமல் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

1. அதே கம்பெனி சிம் வைத்துள்ள பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்கும் இல்லையென்றால் பழுது டவரில் இருக்கலாம், பொறுத்திருங்கள்.

2. உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், ஏரோபிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். பலனில்லையேல் போனை அணைத்து, மறுபடி போடுங்கள்.

3. போனை அணைத்துவிட்டு, சிம்மைக் கழற்றி உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மாட்டுங்கள்.

4. சிம்மை வேறு போனில் போடுங்கள். அங்கே வேலை செய்தால் குறை உங்கள் போனில். ரிப்பேர் கடைக்குக் கொடுக்கலாம்.

அங்கும் சிக்னல் வரவில்லையா? இங்கேதான் கவனம் தேவை. சிம் பழுதாகியிருக்கலாம். அல்லது வேறொருவர் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். அப்படியானால் உங்கள் ஓ.டி.பி. அவர் கைக்குப் போகும்; கணக்கிலுள்ள பணமும் போகும்.

"காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கடையைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வேறு போனிலிருந்து சிம் கம்பெனியை அழைத்து, புது சிம் எதுவும் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் அதை முடக்கச் சொல்லி, வங்கிக்கும் தெரிவித்துக் கணக்கை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் புகார் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நமக்கு நஷ்டம்.

இந்த எண்களை இன்றே எழுதி, கல்லாப்பெட்டி அருகே ஒட்டி வையுங்கள்.