இளம் மருத்துவரின் கையிலுள்ள சீட்டு

1991-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு மருத்துவ உலகைத் தலைகுனியச் செய்தது. பம்பாயில் ஏழைகள் நெருங்கி வாழும் பகுதியில் தொழில் புரிந்த தனியார் மருத்துவர் 100 பேரிடம், காசநோயாளிக்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டனர். 80 விதமான விடைகள் கிடைத்தன! 2010-இல் அதே நகரில் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 106 பேர் 63 விதமாக எழுதினர். சரியாக எழுதியவர் 6 பேரே. இவர்கள் அனைவரும் ஒரே மருத்துவ முறையைப் பயின்றவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆயினும் நோயாளிக்கு அதனால் ஆறுதல் ஏது?

நம் இல்லங்களிலிருந்து மருத்துவம் பயிலச் செல்லும் பிள்ளைகள் இதை அறிந்திருத்தல் வேண்டும். பயிற்சி மருத்துவர் தடுமாறுவதற்கு அவர் சோம்பல் மட்டுமே காரணமன்று. விதிகளே பலமுறை மாறியுள்ளன. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தபடியே மருந்துண்பவரும் சானடோரியத்தில் தங்குபவரைப் போலவே குணமடைவர் என்று உலகிற்கு மெய்ப்பித்தது. அன்று சிகிச்சை ஓராண்டு நீடித்தது. ரிஃபாம்பிசின் வந்தபின் அது 6 மாதமாகக் குறுகியது. 1997-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வாரம் மும்முறை மருந்து. 2017 முதல் நாள்தோறும் மருந்து. மூத்தவரின் நினைவையோ பழைய பாடநூலையோ மட்டும் நம்பும் மாணவர் எதை எழுதுவார்?

இன்றைய முறை கடினமானதன்று. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கும். அடுத்த 4 மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். இவை ஒரே மாத்திரையில் சேர்ந்தே வருகின்றன. பெரியவர்களுக்கு எடையைப் பார்த்து எண்ணிக்கை: 40 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 3, 55 கிலோ உள்ளவருக்கு 4. எடை பார்க்கும் கருவியில் நோயாளியை நிறுத்தாமல் சீட்டெழுதுவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போன்றதே. (சட்டையையாவது பிரித்துத் தைக்கலாம்.) அளவு குறைந்தாலும், ஒரு மருந்து விடுபட்டாலும், இடையில் நிறுத்தினாலும் எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வலிமை பெறுகின்றன. அந்நோய் வீட்டிலுள்ள குழந்தைக்கும் அவ்வலிமையுடனேயே தொற்றும்.

இன்னொரு பிழையும் உண்டு. இரு வாரத்திற்கு மேல் இருமுபவருக்குச் சளிப் பரிசோதனை எழுதாமல், ஃபுளோரோகுவினலோன் வகை மருந்தைக் கொடுத்தனுப்புவது. அது காசக் கிருமியையும் சிறிது அடக்குவதால் இருமல் தணிந்தாற்போல் தோன்றும். நோய் கண்டறியப்படாமலே நாள் கழியும்.

சீட்டில் இடம்பெறாத பாடம் ஒன்றும் இருக்கின்றது. ரிஃபாம்பிசின் உண்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகும், அதனால் தீங்கில்லை. முதல் நாளே இதைச் சொல்லாவிட்டால், இரத்தம் போகின்றது என்றஞ்சி மாத்திரையைத் தூர எறிபவர் உண்டு. இதைச் சொல்லி அனுப்ப ஒரு நிமிடம் போதும்.